குருதி என்பதைச் சாயம் என வாசிக்கவும்

என்னுடைய கவிதை ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டது என்று நான்கு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கவிதைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று நம்ப அந்த வயதில் ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. மீசை ஒன்றே போதுமானதாக இருந்தது. இப்போது மீசை நரைத்துவிட்டது, தொந்தி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, முட்டாள்தனத்தை முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்பதும் தெரிந்துவிட்டது. ஆகையால் சொல்கிறேன். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியதும் நிற்கவில்லை. பெரும் புலவர்களுக்கு வறுமை வந்ததாகப் படித்திருக்கிறேன். வயிற்றுப்போக்கு வந்ததாக எங்கும் படித்ததில்லை.

அப்போது காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் நான் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோக்கும் வேலை. எழுபதுகளின் தொடக்கம். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். பட்டு எடுக்க ஊருக்கு வருகிறவர்கள் அப்படியே பத்திரிகைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். பகலெல்லாம் பிறத்தியார் கல்யாணத்துக்கு 'நிகழும் மங்களகரமான' கோத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் கவிஞன்.

எங்கள் மன்றம் மாதம் ஒரு கவியரங்கம் நடத்தும். அந்த முறை கருட சேவை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு தொடக்கப் பள்ளியின் கூடத்தில் நடந்தது. தலைப்பு 'பிஞ்சுக் கரங்கள்'. வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றி ஆறு பேர் பாட வேண்டும். ஆறு பேரில் நான்கு பேர் வீட்டில் தறி இருந்தது. அந்தத் தறிகளில் கரைப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தலைப்பு கவிதைக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

கரைப் பக்கம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நூலால் நெய்து, நெய்யும்போதே ஒன்றோடு ஒன்றைப் பூட்ட வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். மனுஷனுக்கு இரண்டு கைதான் இருப்பதால், நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். நாடா என்பது நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிற கட்டை. அந்த இன்னொருவர் பெரும்பாலும் எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் இருப்பார். 'இருப்பார்' என்பது மரியாதைக்காக.

நான் குடியிருந்தது ஒரு மாடி அறை. எதிர் வீட்டின் தெரு ஜன்னல் வழியாகத் தறி தெரியும். அதில் கரை போட்டவளுக்குப் பதினொன்று இருக்கலாம். பக்கத்து ஊர் தாமலிலிருந்து வந்து மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவருடைய மூத்த பெண். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நெய்கிறவருக்கு ஐம்பது வயது. அவர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், தெருவில் தமிழ் பேசுவார், தறியில் உட்கார்ந்தால் எதுவும் பேசமாட்டார். நான் காலையில் பல் துலக்கும்போது அவள் உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்து வரும்போதும் உட்கார்ந்திருப்பாள். இதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரு கவிதைக்கு அது தாராளம் என்று நினைத்தேன்.

இரக்கத்தை வரவழைப்பதற்கு எங்களிடம் ஒரு சாமான் பெட்டி உண்டு. உவமை வேண்டுமா, குழந்தை மொட்டைப் போன்றது. உருவகம் வேண்டுமா, 'போன்றது' என்பதை எடுத்துவிட்டால் முடிந்தது. முரண் வேண்டுமா, ஊருக்குப் பட்டு, அவளுக்குக் கந்தல். தற்குறிப்பேற்றம் என்றால், தறி தன்பாட்டுக்குச் சத்தம் போடுவதைக் கேட்டு, குழந்தையை நினைத்துத் தறி அழுகிறது என்று சொல்ல வேண்டும். தறி பாவம், அழவில்லை; மிதித்தால் எந்தக் கட்டையும் சத்தம் போடும். அப்புறம் விளி. "ஏ, சமுதாயமே!" என்று கூப்பிட்டுவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கூட்டம் குற்ற உணர்ச்சி கொள்ளும். அன்று மேடையில் ஏழு மொட்டுகள் கருகின. பாடியவர்கள் ஆறு பேர்தான். ஒருவர் உற்சாகத்தில் இரண்டைக் கருக்கினார்.

என் கை வந்த கலை உயர்வு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொன்னால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளதைத்தான் தெருவுக்குத் தெரு பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. ஆகவே இப்படித் தொடங்கினேன்:

பஞ்சு விரலென்பேன் பிஞ்சு விரலென்பேன்
நெஞ்சு பதறுதடா – அவள்
கெஞ்சும் விழியினில் நஞ்சைக் கலந்தவர்
கொஞ்சமும் மாறலடா!

நஞ்சை யார் கலந்தார், எப்போது கலந்தார் என்பதெல்லாம் எனக்கே தெரியாது. எதுகை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. வேப்ப மரத்துக்கு எதிர் வீடு, கம்பி வைத்த ஜன்னல் என்று அடையாளமும் சொல்லிவிட்டேன், அதுவும் ஓசைக்காகத்தான். கடைசியில் குரலை ஒரு படி இறக்கி இதைச் சொன்னேன்:

முகூர்த்தப் புடவையில் மின்னும் சிவப்பது
சாயச் சிவப்பில்லை – தோழா
மொட்டு விரல்வழி சொட்டும் குருதியை
மூடி மறைக்காதே!

கூடம் அதிர்ந்தது. "மறுபடி, மறுபடி" என்றார்கள். மறுபடி சொட்டவிட்டேன். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மூக்குப்பொடி போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அன்று அதை நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை, மன்றத்தின் விருப்பப்படி, அந்தக் கவிதையை ரோஜா நிறக் காகிதத்தில் நோட்டீஸாக அடித்தோம். நானே கோத்தேன். பிஞ்சு, பஞ்சு, நெஞ்சு, நஞ்சு, கெஞ்சு, கொஞ்சம் என்று போனதில் எழுத்துப் பெட்டியில் ஞகர மெய் தீர்ந்துவிட்டது. அன்றைக்கே ஒரு கல்யாணப் பத்திரிகையும் கோக்க வேண்டியிருந்தது. அச்சக முதலாளி பெட்டியைத் துழாவிவிட்டு வந்தார்.

"யோவ் கவிஞரே, பெட்டியில ஒரு 'ஞ்' இல்லய்யா. காஞ்சிபுரத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

"காஞ்சிபுரத்துலதானே இருக்கிறோம் மொதலாளி."

"வாயில மட்டும் கொறைச்சல் இல்ல. பாட்டை அடிச்சு முடிச்சுட்டு எழுத்தைப் பிரிச்சுப் பெட்டியில போடு. சாயங்காலம் பொண்ணுக்கு மாமன் வராரு."

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் திருமுக்கூடல் பக்கத்து விவசாயி. எதிர் வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருந்த அரக்குப் புடவை அந்தப் பெண்ணுக்குத்தான். பத்திரிகைக்கு எங்கள் அச்சகத்தைக் கைகாட்டியதே அந்த நெசவாளர்தான். தற்செயல் என்று எதுவுமில்லை, ஊர் அவ்வளவு சின்னது. மாமன் சாயங்காலம் வந்தார். பத்திரிகையின் புரூஃபை வாங்கி, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். புரூஃப் ஈரமாக இருந்தது. கசங்காமல் கொண்டுபோவதற்காக முதலாளி அதைச் சுருட்டி, கையில் அகப்பட்ட காகிதத்தைச் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். ரோஜா நிறம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் ஒரு வாசகர் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை முதலாளி சொன்னார்:

"திருமுக்கூடல்காரரு ஆள் அனுப்பிட்டாருபா. பத்திரிகையை நிறுத்தி வெக்கணுமாம்."

"ஏனாம்?"

"வூட்ல இன்னாமோ தகராறாம். பெரிய தகராறுன்னு சொல்லிக்கினு போறான்."

கையிலிருந்த எழுத்துகள் கீழே கொட்டின.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த வேகத்தை ஒரு நாளும் கவிதைக்கு அது காட்டியதில்லை. மாமன் சுருளைப் பிரித்திருக்கிறார். வேப்ப மரம், எதிர் வீடு, கம்பி ஜன்னல், முகூர்த்தப் புடவை, குருதி. முகூர்த்தப் புடவையில் ஒரு கறுப்பு நூல் வந்தாலே ஆகாது என்கிற ஜனங்கள். ரத்தம் பட்ட புடவையைப் பெண்ணுக்குக் கட்டுவார்களா? புடவையைத் தள்ளுவார்கள். அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணையும் தள்ளுவார்கள். கல்யாணம் நின்றால் புடவை நிற்கும், புடவை நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் அந்தச் சிறுமி எழுந்து போவாள்.

யோசித்துப் பார்த்தால், கவிதையில் நான் கேட்டது அதைத்தான். பன்னிரண்டாம் அடியில் 'எழுந்திடு கண்மணி' என்றே எழுதியிருந்தேன். அவள் எழுந்துவிடப் போகிறாள் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மாமனுக்கு ஆறு அண்ணன் தம்பிகள் என்று முதலாளி முதல் நாள் சொல்லியிருந்தார். அதுவும் கலக்கத்துக்கு ஒரு காரணம்.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு கோத்து அடித்தேன். 'திருத்தம்: கடைசிப் பாடலில் குருதி என்பதைச் சாயம் என வாசிக்கவும்.' பெட்டிக்கடை, சலூன், சோடாக் கடை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்த இடமெல்லாம் போய், ரோஜாக் காகிதத்தின் ஓரத்தில் சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன். உயர்வு நவிற்சிக்கு ஒட்டுப் போட்ட முதல் தமிழ்க் கவிஞன் நானாகத்தான் இருப்பேன். சலூன்காரர் மட்டும் படித்துவிட்டு, "ஏன் தம்பி, முன்னே இருந்ததுதானே நல்லா இருந்துச்சு?" என்றார்.

புதன்கிழமை காலை அவளைப் பார்த்தேன். தறிக்காரருக்கு டீ வாங்கிப் போக அச்சகத்துக்குப் பக்கத்துக் கடைக்குத் தூக்கோடு வருவாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாண்ணா, எங்க வூட்டப் பத்திப் பாட்டு கட்டினியாமே?"

"வீட்டைப் பத்தி இல்ல. உன்னைப் பத்தி."

"என்னப் பத்தியா? எங்க, படி பாக்கலாம்."

கடைக்காரர் டீ ஆற்றி முடிப்பதற்குள் படித்தேன். கவியரங்கத்தில் கேட்டவர்களைவிட அவள் கவனமாகக் கேட்டாள். அதுதான் சங்கடமாக இருந்தது.

"மொட்டுன்றது யாரு?"

"நீதான்."

"எங்க வாத்தியாரு என்னை எருமைன்னுவாரு." கொஞ்சம் யோசித்தாள். "கெஞ்சும் விழின்னியே, நான் யாராண்ட கெஞ்சினேன்?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"அப்புறம், பட்டு நூலுல கண்ணீரைக் கோத்தாள்னு வருது. அய்ய! பட்டு மேல ஒரு சொட்டு தண்ணி பட்டாலே புள்ளி வுழுந்துடும்ணா. அழுவணும்னா எழுந்து வெளிய போயித்தான் அழுவணும்."

"போய் அழுதிருக்கியா?"

"எழுந்து போவ வுட்டாத்தானே?"

இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. கடை திறந்திருக்குது, மூடியிருக்குது என்பதுபோலச் சொன்னாள். நான் அடுத்த வரிக்குப் போனேன். ஜன்னலைச் சிறைக் கம்பி என்று சொல்லியிருந்த வரி அது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது நல்ல ஜன்னலுண்ணா. ஐஸ்காரன் போறது தெரியும். சாமி வந்தா கொடை நுனி தெரியும். மாடு வேப்பமரத்துல உரசிக்கினு நிக்கறது தெரியும். நீ அன்னிக்கு சைக்கிள்லேந்து வுழுந்துட்டு, யாராவது பாத்தாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்தியே, அது கூட தெரிஞ்சுது."

கடைக்காரர் சிரித்தார். நான் பேச்சை மாற்றுவதற்காக விளிக்குப் போனேன். 'ஏ, சமுதாயமே, எங்கே போனாய்?'

"எங்க போச்சு?" என்றாள்.

"அது கேள்விதான். பதில் கிடையாது."

"பதில் தெரியாம இன்னாத்துக்குக் கேக்கற?"

"கேட்டா ஜனங்க யோசிப்பாங்க."

"யோசிச்சாங்களா?"

"கை தட்டினாங்க."

அவள் தூக்கை வாங்கி மூடிக்கொண்டாள். போவதற்கு முன்னால் வலது கையை விரித்துக் காட்டினாள். பஞ்சும் இல்லை, பிஞ்சும் இல்லை. விரல் நுனி எங்கள் ஈய எழுத்தைப் போலக் கெட்டியாக இருந்தது. நடுவிரலில் நூல் ஓடி ஓடி ஒரு பள்ளம். ரத்தத்துக்கு அங்கே வழியே இல்லை.

"விரலு வலிக்காதுண்ணா. அது மரத்துப் போச்சு. காலுதான். மொழங்காலை மடக்கிக்கினே இருக்கணும், எழுந்தா நடக்க வராது. அதைப் பாட்டுல காணோமே?"

காணோம்தான். ஆறு கவிஞர்கள் பாடிய மொத்தப் பாட்டிலும் கால் என்ற பேச்சே இல்லை. தலைப்பிலேயே கரம்தான் இருந்தது. முழுக் குழந்தையை விட்டுவிட்டு விரலை மட்டும் எடுத்துக்கொண்டால் எதுகைக்கு வசதி. முழங்காலுக்கு இரக்கப்படச் சொன்னால் கூட்டம் நெளியும். இதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அப்போது எனக்கு வேறு பயம்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தத் தறி நின்னுட்டா நீ என்ன பண்ணுவே?"

"ஏன் நிக்கணும்?" அவள் முகம் முதல் தடவையாக மாறியது. "இந்தத் தறி நின்னா எங்கப்பா என்னைத் தெருக்கோடி வூட்ல வுட்டுடுவாரு. முன்னயே கேட்டுக்கினு இருக்காங்க. அங்க நாடா தப்புனா அந்த நாடாவாலயே மண்டையில போடுவாங்கண்ணா. ஒரு புள்ளைக்குத் தையல் போட்டாங்க. இவரு அடிக்கமாட்டாரு. மொறைப்பாரு, அவ்ளோதான்."

"பள்ளிக்கூடத்துக்குப் போகலாமே?"

"அதுவும் பாட்டுல வருதா?" என்று கேட்டுவிட்டு, டீ ஆறிவிடும் என்று ஓடினாள்.

வந்தது. பதினான்காம் அடி.

வெள்ளிக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டேன். மாமனின் ஆறு சகோதரர்கள் எந்த நேரமும் வரலாம். வருவதற்குள் நெசவாளர் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்து எதிர் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தள்ள, அவள் தள்ள, அவர் மிதிக்க, ஒரு மயிரிழை நீளம் புடவை வளர்ந்தது. வாசற்படியில் நின்றவனை இருவரும் பார்த்தார்கள். அவள் உடனே பார்வையைத் தறிக்குத் திருப்பிக்கொண்டாள். அவர் கையை நிறுத்தி, இடுப்பிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். என் திருத்தம்.

"தம்பி, இத நீதானே ஒட்டினே?"

"மன்னிச்சிக்கணும். மொதல்ல குருதின்னு எழுதினது தப்புதான், அதனாலதான்..."

"குருதின்னு போட்டதுக்கு ஒண்ணுமில்லபா. பாட்டுல ஆயிரம் இருக்கும், எவன் நம்புவான்? சாயம்னு மாத்தினே பாரு." சீட்டை விரலால் தட்டினார். "சேர்த்துப் படி. 'சொட்டும் சாயத்தை மூடி மறைக்காதே.' என் தறிப் பொடவையில சாயம் சொட்டுதுன்னு தெரு முழுக்க ஒட்டிட்டு வந்திருக்கே. முப்பது வருசமா நெய்யறேன். ஒருத்தன் சொன்னதில்ல, சாயம் போவுதுன்னு."

 அந்தக் கணத்தில் பெரிய தியாகம் ஒன்று செய்தால் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

"வேணும்னா... இந்தப் பொண்ணு எழுந்துக்கட்டும். இந்தப் பொடவை முடியற வரைக்கும் நான் கரைப் பக்கம் உட்காரறேன்."

அவள் களுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். நான்கு நாளாகச் சோறு இறங்காதவன், அச்சு மையை மட்டும் ஒழுங்காகக் கழுவியிருப்பேனா? நகக் கண்ணிலெல்லாம் கறுப்பு.

"இந்தக் கையோடவா?" என்றார். "பொடவையத் தொடாதே. அந்தாண்ட தள்ளி நில்லு."

அந்த நேரத்தில் வாசலில் வில்வண்டி வந்து நின்றது. மாமன் குரல். கூடப் பெண்கள் குரல் இரண்டு. நான் அந்தாண்ட என்று அவர் சொன்ன எல்லையையும் தாண்டி, நடையை ஓடிக் கடந்து, பின்கட்டில் காயப் போட்டிருந்த பட்டு நூல் கற்றைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். மை நூலில் படக்கூடாது என்று கைகளை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். போலீசிடம் அகப்பட்டவன் நிற்பதுபோல் நின்றிருப்பேன்.

உள்ளே புடவையைப் பார்த்தார்கள். கரை அகலம், அரக்கு நிறம், ஜரிகை எல்லாம் பேசினார்கள். அப்புறம் காகிதம் பிரிக்கும் சத்தம். கைகளை இன்னும் உயரத் தூக்கினேன்.

"இந்த நோட்டீசு உங்க வூட்டப் பத்தினதுதானே?" இது மாமன். "வேப்பமரம், எதிர் வூடுன்னு போட்டிருக்குதே. வண்டியில வரப்பவே இவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். நல்லாத்தான் விளம்பரம் பண்றீங்க! மின்னும் சிவப்புன்னு போட்டிருக்குது. விரல் நோவ நெய்ஞ்சதுன்னு போட்டிருக்குது. அப்ப கை வேலைதான், மிஷின் வேலை இல்லன்னு சத்தியம் பண்ணின மாதிரிதானே?"

நெசவாளர் நாடாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றார்.

"இந்தப் பொண்ணா அது?" என்றாள் ஒரு அம்மாள். "சின்ன வெரலு. சின்ன வெரலுலதான் கோர்வை சுத்தமா வுழும்னு எங்க அண்ணி கூட சொல்லும். கண்ணு, நல்லாப் போடு இன்னா? எங்க பொண்ணு கல்யாணப் பொடவை."

"அந்த அண்ணன்தாங்க எழுதினாரு," என்றது சிறுமியின் குரல். "பின்னால நிக்கிறாரு. கையத் தூக்கிக்கினு."

வெளியே வந்தேன். கையைக் கீழே போட மறந்துவிட்டேன். மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, அச்சாபீஸ் தம்பி! உன்னைத்தான் பாக்கணும்னு இருந்தேன். பத்திரிகையை நாளைக்கு ஓட்டிடலாம். மாப்பிள்ளை வூட்ல பெரியப்பாங்க ரெண்டு பேரு, ரெட்டைப் புள்ளைங்க. எவரு பேரு மேல வர்றதுன்னு மூணு நாளா ஒரே சண்டை. மூத்தவரு எவருன்னு சொல்ல வேண்டிய அவங்க அம்மா போய்ச் சேர்ந்துட்டுது. கடைசியா ஒரே வரியில போடுறதுன்னு முடிவாயிட்டுது. போட்டுடுவியா?"

"போட்டுடுறேங்க."

"ஏன்பா அழுவற?"

அழவில்லை, கண்ணில் வியர்வை என்றேன். இரட்டையரில் யார் இடது பக்கம் வருவது என்பதில் இன்னும் அரை நாள் போயிற்று. அது வேறு கதை.

கல்யாணம் நிற்கவில்லை, தறி நிற்கவில்லை, அவள் கோடி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. எனக்குத் தெம்பு வந்து அன்றைக்கு இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றேன். கவிதை யாரையும் எதுவும் செய்யாது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரை.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். மாடிக்கு வந்து என்னைப் பாராட்டிவிட்டு, கீழே இறங்கி, எதிர் ஜன்னலண்டை போய் நின்றார்கள். "இவள்தானா?" "பாவம்." "அந்தக் கண்ணைப் பாருங்கள்." ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வரிகளையே உருக்கமாகச் சொன்னார். இன்னொருவர் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கம்பி வழியாக நீட்டினார். அவர் நல்ல மனுஷர். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது; பொடி போடுகிறவர் அல்ல.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். நாடா தவறியது. கோர்வையில் அரிசி முனை அளவுக்கு இடைவெளி விழுந்தது. நெசவாளர் எழுந்து வந்து, அவர்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய், அந்த நாளின் வேலை முழுவதையும் இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை.

புடவையைச் சொன்ன நாளில் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுத்தார்கள். கல்யாணம் நடந்தது. பெண் அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டாள். கோர்வை தவறியதற்கு மறுநாள், திங்கட்கிழமையே எதிர் வீட்டுத் தெரு ஜன்னலுக்கு உள்பக்கமாகப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள்; தறிக்கு மேலே ஒரு குண்டு பல்பு போட்டார்கள். அவள் இன்னும் நான்கு வருஷம் அதே தறியில் கரை போட்டாள்.